மூக்கரின் சனிக்கிழமைச் சமையல்

சீரகத்தை வாணலியில் போட்டதும் அவர் அடுப்பைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். இடது காதை வாணலிப் பக்கம் சாய்த்துக்கொண்டு, பார்வையை ஜன்னல் கம்பியில் எங்கோ விட்டுவிட்டு, மரக்கரண்டியை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறார். முதலில் ஒன்றும் கேட்பதில்லை. பிறகு ஒரே ஒரு சீரகம் 'டிக்' என்கிறது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. நாலைந்து ஒன்றாகப் பொரிய ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்து, வாணலியை ஈரத்துணி மேல் இறக்குகிறார். "இதுக்கு மேல ஒரு மூச்சு விட்டா கருகிடும் சார். முன்னாடியே எடுத்தா பச்சை வாடை அடிக்கும்" என்கிறார். பச்சை வாடை அடிக்கும் என்பது அவர் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டது. அவருடைய மூக்கை நம்பி எதையும் அடுப்பில் வைக்க முடியாது. இரண்டரை வருடமாக அப்படித்தான்.

எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடியில், என் வீட்டுக்கு எதிர்க் கதவு அவருடையது. வயது ஐம்பத்திரண்டு. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் இருபத்தேழு வருடம். ஒல்லியான, உயரமான உடம்பு. எந்த வாசலில் நுழைந்தாலும் பழக்கதோஷத்தில் தலையைக் குனிவார். வேலையிடத்தில் அவருக்கு வைத்த பெயர் மூக்கர். பெயரைக் கேட்டுவிட்டு நேரில் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள், சின்ன மூக்குதான். மோட்டார் அறைக்குள் நுழைந்து ஒருமுறை மூச்சை இழுத்தால் போதும், "பிரேக் லைனிங் தேயுது", "மோட்டார்ல ரெண்டாவது காயில் சூடாகுது" என்று கருவியைத் தொடாமலே சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. மற்றவர்கள் மீட்டரை எடுத்து அளந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்குமாம்.

அந்த மூக்கைப் பத்து நாள் காய்ச்சல் ஒன்று எடுத்துக்கொண்டு போய்விட்டது. காய்ச்சல் விட்ட காலையில் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னம்மா, வெந்நீரைக் குடுத்திருக்க?" என்று கேட்டார். மனைவி தம்ளரை வாங்கிக் குடித்துப் பார்த்து, "நாக்கு செத்திருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். ரெண்டு நாள் ஆனது. பத்து நாள் ஆனது. மனைவி கேட்டபோது, "ம், வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவர் அந்தப் பொய்யைக் கட்டிக் காத்த விதம் இருக்கிறதே, அதற்கே தனித் திறமை வேண்டும். சாப்பாட்டு மேசையில் மற்றவர் முகத்தைப் பார்த்து அரை நொடி கழித்துத் தலையாட்டினார். தெருவில் யாராவது கைக்குட்டையை எடுத்தால் இவரும் எடுத்தார். வேலையிடத்தில் மோட்டார் அறைக்குள் போனதும் பழையபடி மூச்சை இழுத்துவிட்டு, கை வைத்துச் சூட்டைப் பார்த்து, காதால் கேட்டு, ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்தார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. "இருபத்தேழு வருஷம் சார். மூக்கு போனாலும் அனுபவம் போயிடுமா?" என்று என்னிடம் சொன்னார். ஏன் மறைத்தார் என்று கேட்டேன். முழங்கையைச் சொறிந்துகொண்டே யோசித்துவிட்டு, "மூக்கர்னு பேரை வெச்சுக்கிட்டு எப்படிச் சார் போய்ச் சொல்றது?" என்றார்.

மனைவி ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். மாத்திரை அட்டையைத் தலைகீழாகப் பிடித்தே பெயரைப் படிப்பார். சனிக்கிழமை அரை நாள். மதியம் ஒரு மணிக்கு வீடு திரும்புவார். அப்படித் திரும்பிய ஒரு சனிக்கிழமை, மூன்றாம் மாடியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். கதவைத் திறந்தால் கணவர் அடுப்பு முன்னால் நின்று, வெகு சந்தோஷமாகக் கோழிக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்கிறார். முந்தைய நாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லாமல் ஃப்ரிட்ஜ் நின்றுபோயிருந்தது அவருக்குத் தெரியாது.

"என்னங்க இது?"

"உனக்குத்தான். பசியோட வருவேன்னு…"

"உங்களுக்கு நாத்தம் தெரியலையா?"

அவர் கரண்டியில் கொஞ்சம் எடுத்து முகர்ந்து பார்த்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு அவர் செய்ததுதான் மனைவிக்கு இன்றும் பொறுக்கவில்லை: மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அரை நொடி கழித்து, "ஆமா, லேசா அடிக்குது" என்றார்.

குழம்பு குப்பைக்குப் போனது. மனைவி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, வீட்டிலிருந்த பாட்டில்களையெல்லாம் ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனார். காப்பித் தூள் என்றார், சரி. தலைவலித் தைலம் என்றார், சரி. பாத்திரம் கழுவும் சோப்பு, அதுவும் சரி. மனைவிக்குக் குழப்பமாகிவிட்டது. அப்புறம்தான் பொறி தட்டியது. பால்கனிக்குப் போய் எல்லா மூடிகளையும் அங்கேயே திறந்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கொண்டுவந்து நீட்டினார். மனிதர் காப்பித் தூளைத் தைலம் என்றார். மண்ணெண்ணெயை மூக்குக்கடியில் பிடித்தபோது, "இன்னும் ஒண்ணும் கொண்டுவரலையா?" என்று கேட்டார். அதுவரை மூடி திறக்கும் சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நாளைக்கே ஆபீஸ்ல சொல்லுங்க" என்றார் மனைவி.

"சொல்றேன்."

சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஓர் அலுவலகக் கட்டடத்தில் மோட்டார் அறைக்குள் தனியாக நின்று கதவு ரோலர் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்கிற தாடிக்காரர் மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தார். பத்தொன்பது வருடமாக இருவரும் ஜோடி. பாதிப் படியிலேயே தாடி, "யோவ், அணை! அணைய்யா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்து மெயின் சுவிட்சை இறக்கினார். மூக்கர் திரும்பிப் பார்த்தபோது அவர் முதுகுக்குப் பின்னால் மோட்டாரிலிருந்து நூல் மாதிரி புகை எழும்பிக்கொண்டிருந்தது. லிஃப்டுக்குள் மூன்று பேர் இரண்டு மாடிகளுக்கு நடுவே இருபது நிமிடம் மாட்டிக்கொண்டார்கள். மோட்டாரைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்தவர்களில் ஒரு பெண் இவரைப் பார்த்து நன்றி சொன்னாராம். "அதைத்தான் சார் தாங்க முடியலை" என்றார்.

அன்று சாயங்காலம் வண்டியைக் கிளப்பும்போதுதான் தாடி, "எத்தனை நாளா?" என்றார். "அஞ்சு மாசம்." "என்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையா?" அதோடு சரி. மறுநாள் காலை மூக்கர் தானே மேலாளர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அவரைப் புகார் பிரிவில், தொலைபேசி மேசைக்கு மாற்றினார்கள்.

தொலைபேசி மேசையில் மற்றவர்கள் முகவரியையும் பழுதையும் குறித்துக்கொண்டு ஆளை அனுப்புவார்கள். இவருக்கு அது போதவில்லை. "போனைக் கொஞ்சம் லிஃப்ட் கதவுகிட்ட வைங்க… இப்ப யாரையாவது மூணாவது மாடிக்குப் போகச் சொல்லுங்க… ம்… சரி, கதவு ரோலர்தான்" என்பார். ஆரம்பத்தில் கூப்பிட்டவர்கள் இவருக்கு மறை கழன்றுவிட்டதென்று நினைத்தார்கள். இப்போது சிலர் தாங்களாகவே, "கேக்குதா பாருங்க" என்று போனை நீட்டிவிடுகிறார்களாம்.

வேலையை ஒருவாறு சமாளித்துவிட்டார். சாப்பாட்டைத்தான் சமாளிக்க முடியவில்லை. எதை வாயில் போட்டாலும் நனைந்த அட்டையைத் தின்கிற மாதிரி இருந்தது. பதினொரு கிலோ இளைத்தார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். மனைவி விதவிதமாகச் சமைத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் தட்டைத் தள்ளிவைத்து அழுதிருக்கிறார். "அவ அழுததைப் பாத்துட்டு ரெண்டு வாய் சேர்த்துச் சாப்பிட்டேன். என்ன குழம்புன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

ஒரு மதியம் தாடி வந்து அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனார், தான் லிஃப்ட் பார்க்கிற ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடி உணவகத்துக்கு. என்ன வேண்டும் என்று கேட்காமலே ஏதோ ஒன்றைச் சொன்னார். சமையலறைக் கதவு திறந்தது. தட்டைப் பார்ப்பதற்கு முன்னால் மூக்கருக்குச் சத்தம் கேட்டது. காய்ந்த இரும்புத் தட்டில் கோழித் துண்டுகளும் வெங்காயமும் குடைமிளகாயும் கொதித்துச் சீறிக்கொண்டே மேசைகளைத் தாண்டி வந்தன. "ஏழெட்டு மாசத்துல முதல் தடவையா ஒரு சாப்பாடு என்னைக் கூப்பிட்டுச்சு சார்" என்கிறார். மெல்லிய ரொட்டியில் வைத்துச் சுருட்டிக் கடித்தார். எலுமிச்சை நாக்கைச் சுண்டியது. மிளகாய் உதட்டைச் சுட்டது. குடைமிளகாய் பல்லில் நொறுங்கியது. புளித்த தயிர் சில்லென்று இறங்கியது. இவற்றில் எதற்கும் மூக்கு தேவைப்படவில்லை. தாடி தன் பங்கையும் தள்ளிவிட, அதையும் தின்று முடித்துவிட்டுத்தான், "இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டார். "ஃபஹீட்டா." "எப்படி எழுதறது?"

அன்று ஒருமுறை சொன்னதோடு சரி, தாடி அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அவருக்கு அது சுருட்டு. சனிக்கிழமை காலையில் கீழிருந்தே, "மூக்கரே, இன்னைக்குச் சுருட்டு உண்டா?" என்று குரல் கொடுப்பார். முதல் மாடி ஆசிரியர், இவர்கள் இருவரும் மொட்டைமாடியில் ஒளிந்து புகை பிடிப்பதாக வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்து, ஒரு நாள் படியில் மடக்கிப் புற்றுநோய் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். மூக்கர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆசிரியருக்கு ஒரு சுருட்டைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வீட்டில் செய்ய ஆரம்பித்தபோது முதலில் மசாலாவைப் பாக்கெட்டில்தான் வாங்கினார். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார். "எல்லாம் உப்புதான் சார். உப்பு ஒண்ணுதான் பேசுது. மத்ததெல்லாம் கைகட்டி நிக்குது" என்று அவர் சொன்னதை மனைவியும் ஒத்துக்கொண்டார். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, தானே பொடி கலக்க ஆரம்பித்தார். மிளகாய்த் தூள், புகை போட்ட சிவப்பு மிளகாய்த் தூள், வறுத்துப் பொடித்த சீரகம், பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, ஓரிகானோ, மிளகு, ஒரு சிட்டிகை சர்க்கரை, கடைசியில் உப்பு. எடை பார்ப்பது மருந்துக் கடையிலிருந்து கழித்துக் கட்டிய ஒரு சின்னத் தராசில். ஒவ்வொரு கலவைக்கும் ஓர் எண் கொடுத்து, பழைய இருமல் மருந்து பாட்டில்களில் ஒட்டி வைத்தார்.

பட்டியலைப் பார்த்து நான் ஒன்று கேட்டேன். இவற்றில் மிளகாய், மிளகு, சர்க்கரை, உப்பு தவிர வேறு எதுவும் அவருக்குத் தெரியப்போவதில்லை. சீரகமும் பூண்டும் ஓரிகானோவும் எதற்கு?

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சாப்பிடறது நான் ஒருத்தனா சார்?"

ருசி பார்ப்பது மனைவியின் வேலை. ஆனால் அவர் என்ன சொன்னாலும் கணவருக்குப் புரியவில்லை. "சீரகம் தூக்கலா இருக்கு" என்றால், "எவ்வளவு தூக்கல்?" என்பார். "கொஞ்சம்." "கொஞ்சம்னா?" இப்படி ஒரு நாள் சண்டை முற்றியபோது மனைவி ஆத்திரத்தில், "பூண்டு தரைத்தளத்துல நிக்குது, சீரகம் அஞ்சாவது மாடிக்குப் போயிடுச்சு, போதுமா?" என்று கத்தினார். மூக்கர் உடனே பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மசாலா மாடிக் கணக்கில்தான் பேசப்படுகிறது. பதினோராம் எண் பாட்டிலில் எல்லாம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே வந்து சேர்ந்தன. மனைவி இரண்டாவது சுருட்டுக்குக் கை நீட்டினார். கணவர் தன் தட்டை மறந்து, அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

சமையல் முறையில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. கோழியைச் சுண்டுவிரல் பருமனில்தான் நறுக்குவார். எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் பொடியும் பிசறி இரண்டு மணி நேரம் ஊறவைப்பார். மூன்றாவது மணி நேரத்துக்கு விடமாட்டார், புளிப்பில் கறி மாவாகிவிடும் என்பார். பிசறுவதற்கு முன் கோழி மனைவியின் மூக்குக்கு ஒருமுறை போய்வர வேண்டும். சனிக்கிழமை மனைவி வேலைக்குக் கிளம்பும்முன் மூக்கர் கறிப் பாத்திரத்தை வாசலில் நீட்டிக்கொண்டு நிற்பார். மனைவி செருப்பை மாட்டியபடியே முகர்ந்து, "ம்" என்பார். மதியம் மூக்கர் இரும்புச் சட்டியைப் புகையக் காயவைத்து, துண்டுகளைப் பரப்பிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். கிளறக் கூடாது. சீறல் தணிந்து, ஓசை மெல்லியதாகும்போதுதான் புரட்டுவார். காய்களுக்கு இரண்டு நிமிடம், அவ்வளவுதான். ரொட்டியை நேரடியாகத் தீயில் காட்டி எடுப்பார். விரல் சுடும், ஊதிக்கொள்வார்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, வெங்காயத்தைச் சட்டியில் போட்டவர் சட்டென்று பின்வாங்கிச் சுவரில் இடித்துக்கொண்டார். நானும் தாடியும் கூடத்தில் இருந்தோம். ஓடிப்போய்ப் பார்த்தோம்.

"எங்கயோ ரப்பர் எரியுது" என்றார்.

தாடி வயர்களையெல்லாம் பார்த்தார். மனைவி கேஸ் குழாயைப் பார்த்தார். ஒன்றும் எரியவில்லை. எரிகிற ரப்பர் சட்டியிலேயே இருந்தது. மனைவிதான் முதலில் புரிந்துகொண்டார். "உங்களுக்கு வாசனை தெரியுதா? தெரியுதா?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். மூக்கர் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினார்.

மூக்கு திரும்பியிருந்தது, ஆனால் கோணலாக. வெங்காயம், பூண்டு, வறுபட்ட கறி, குடைமிளகாய், காப்பி ஆகிய ஐந்தும் எரிந்த ரப்பரும் அழுகலும் கலந்த ஏதோ ஒன்றாக வந்தன. மற்றவை வரவே இல்லை. எதை வைத்து அவர் உயிர் பிழைத்தாரோ, அந்த ஒரு சாப்பாடே வாய்க்கு எட்டாமல் போனது. டாக்டர் சந்தோஷப்பட்டார். அறுந்த நரம்புகள் முளைக்கின்றன, தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன, சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். பயந்து ஒதுங்காமல் தினமும் கொஞ்சம் முகர்ந்து பழகச் சொன்னார். அறையை விட்டு வெளியே வந்த மனைவியின் முகம் தொங்கிப்போயிருந்தது. மூக்கர் படி இறங்கிக்கொண்டே சொன்னார்:

"மூணை அழுத்தினா ஏழுல போய் நிக்குது. சரி. ஆனா ஓடுது இல்ல?"

அடுத்த வாரம் பழுது தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். பூண்டும் வெங்காயமும் இல்லாமல் பன்னிரண்டாம் எண் பாட்டில் தயாரானது. அதில் பிசறிய கோழியை வேகவைத்து மட்டும் எடுத்தால் அவரால் விழுங்க முடிந்தது. மனைவி, "இனிமே எல்லாருக்கும் இதையே பண்ணுங்க. எனக்கும் இதே போதும்" என்றார்.

"உனக்கு எதுக்குப் பத்தியம்? பதினொண்ணு எவ்வளவு பாடுபட்டு வந்துது!"

"அதைப் பண்ணும்போது உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு என்னால சாப்பிட முடியலைங்க."

"அப்ப மூஞ்சியைப் பாக்காத."

இது விளையாட்டுப் பேச்சாகத் தொடங்கி, ஒரு வாரம் பேசாமல் இருந்ததில் முடிந்தது. அந்த வாரம் இரண்டு பேரும் என் மூலமாகவே பேசிக்கொண்டார்கள். "சார், கறி வாங்கணுமான்னு கேளுங்க." "வாங்கலாம்னு சொல்லுங்க சார்." கடைசியில் மனைவி விட்டுக்கொடுத்தார். சனிக்கிழமை பதினோராம் எண்தான் என்று முடிவாயிற்று.

போன சனிக்கிழமை நானும் போயிருந்தேன். சட்டி சீறியபோது அவர் முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு புரட்டினார். நெற்றி வேர்த்திருந்தது. எங்கள் மூவருக்கும் சுருட்டிக் கொடுத்தார்.  மனைவி முதல் வாயைக் கடித்து, நன்றாக இருக்கிறது என்பதை எவ்வளவு குறைவாகக் காட்ட முடியுமோ அவ்வளவு குறைவாகக் காட்டினார். பன்னிரண்டாம் எண்ணில் வெந்த கோழி ஒரு கிண்ணத்தில் மூடியிருந்தது. மூக்கர் அதைத் திறக்கவில்லை. சட்டியிலிருந்தே இரண்டு துண்டு கோழி, ஒரு இழை வெங்காயம், ஒரு இழை குடைமிளகாய் எடுத்து ரொட்டியில் வைத்துச் சுருட்டினார். ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

"என்னங்க…" என்று மனைவி பாதி எழுந்தார்.

அவர் இடது கையின் இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, பெரிதாக ஒரு கடி கடித்தார். மென்றார். விழுங்கினார். கண்ணோரத்தில் நீர் கோத்தது. அடுத்த கடியை வாயில் வைத்துக்கொண்டு, மெல்லாமல் நின்றார். பிறகு மூக்கிலிருந்து விரல்களை எடுத்து, பழையபடி மூச்சை இழுத்தார்.